குளிரில் சின்ன டிராக்டர் எடுக்கவில்லையா? முதலில் செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள்

உங்கள் டிராக்டர் புல் வெட்டும் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் வண்டி, வெயில் காலத்தில் சாவியைத் திருப்பியதும் கிளம்புகிறது, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எடுக்க மாட்டேன் என்கிறது, சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்பிரேயை இன்ஜினுக்குள் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிரேயை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எப்படிச் சுற்றுகிறது என்று காதால் கேட்டீர்களா? வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லையா, இல்லை திணறித் திணறிச் சுற்றுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

திணறினால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். மைனஸ் 18 டிகிரியில் முழு சார்ஜ் உள்ள லெட் ஆசிட் பேட்டரியே வெயில் காலத்தில் தரும் சக்தியில் ஏறக்குறைய பாதிதான் தரும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி இன்ஜினை இழுத்துப் பிடிக்கும். இதோடு இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. இந்த வகை இன்ஜின்களில் பெரும்பாலும் ஃப்ளைவீலில் பதித்திருக்கும் காந்தம், பக்கத்தில் இருக்கும் இக்னிஷன் காயிலைக் கடந்து போகும்போதுதான் ஸ்பார்க் பிறக்கிறது, அதனால் மெதுவாகச் சுற்றினால் ஸ்பார்க்கும் சோர்ந்துவிடும், சில நேரம் வரவே வராது. ஆள் பிளக்கை மாற்றுவார், கார்புரேட்டரைக் கழற்றுவார், கடைசியில் பார்த்தால் குறை சுற்றும் வேகத்தில் இருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் உறைந்துவிடும். உறைந்ததை அப்படியே சார்ஜரில் போடாதீர்கள், வெடிக்கலாம். பேட்டரி நன்றாக இருந்தும் திணறினால் எர்த் வயர் சேசிஸில் பிடிக்கும் போல்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடி முறுக்குங்கள். ஆயில் டப்பாவில் எஸ்ஏஇ 30 என்று போட்டிருந்தால் சுமார் 4 டிகிரிக்குக் கீழே அது ஆகாது, மேனுவல் அனுமதித்தால் குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஆயிலுக்கு மாறுங்கள்.

என் டிராக்டர் இரண்டு குளிர்காலம் என்னை அலைக்கழித்தது. செல்ஃப் அரைச் சுற்று சுற்றும், எதிலோ முட்டியது போல நிற்கும், அப்புறம் தாண்டிப் போகும். பேட்டரி புதிது, செல்ஃப் மோட்டாரையும் மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. குறை டாப்பெட் கேப்பில், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் சின்ன இடைவெளியில் இருந்தது. கிளப்பும்போது கம்ப்ரஷனைக் குறைக்க வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டில் ஒரு சின்ன அமைப்பு உண்டு, அது வால்வை இம்மியளவு தூக்கிவிடும். கேப் அதிகமானால் அந்தத் தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது, செல்ஃப் முழு கம்ப்ரஷனையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். வெயில் காலத்தில் எப்படியோ சமாளித்துவிடும், குளிரில் முடியாது. பல இன்ஜின்களில் கேப் 0.1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், சரியான அளவை மேனுவலில் பார்த்து வையுங்கள். என்னுடையது அன்றைக்கே சுலபமாகச் சுற்ற ஆரம்பித்தது.

சரி, நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால்? குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக். லீவரை முழுக்க இழுத்தாலும் கேபிள் தளர்ந்திருந்தால் உள்ளே தகடு பாதிதான் மூடும், ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர் உறைந்திருக்கலாம். நனைந்திருந்தால் ஓவர் ஃப்ளோ, பிளக்கைத் துடைத்து மாட்டி, சோக்கைத் திறந்துவிட்டு அடியுங்கள். மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பெட்ரோலை மட்டும் நம்பவே வேண்டாம்.

பிளேடு சுற்றாதபடி அதன் கிளட்சை விடுவித்து, பிரேக் பெடலை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஐந்து விநாடி அடித்தால் ஒரு நிமிடம் விடுங்கள், தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிப் புகைந்துவிடும். முந்தின இரவே பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்த மாதிரி. கிளம்பியதும் சோக்கை ஒரேயடியாகத் தள்ளாமல் மெல்ல மெல்லத் திறந்துவிடுங்கள், ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும். ஆனால் மூடிய ஷெட்டுக்குள் ஓட விடாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

ஈதர் பற்றி: சின்ன இன்ஜினில் அது கட்டுப்பாடில்லாமல் பற்றி பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் பதம் பார்க்கும், சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிவிடும். நான் அடிப்பதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது, பிளக் ஈரமா காய்ந்ததா, இந்த இரண்டையும் பார்த்துக் கீழே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.