பையன் அப்பா மாதிரியே கூச்சப்படுறான், இது ரத்தத்துல வந்ததா வளர்ப்புல வந்ததா?

கேள்வி: எனக்கு ரெண்டு பசங்க. பெரியவனுக்கு 7 வயசு, வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவான். சின்னவளுக்கு 4 வயசு, ஆட்டோக்காரர்கிட்ட கூட கதை பேசுவா. என் வீட்டுக்காரரும் அதிகம் பேச மாட்டார். மாமியார் "விரை ஒன்னு போட்டா சுரை ஒன்னா முளைக்கும், அப்பன் குணம் அப்படியே வந்திருக்கு"ங்கறாங்க. எங்கம்மா "நீ பொத்திப் பொத்தி வளர்த்த, அதான்"ங்கறாங்க. யார் சொல்றது சரி? ஸ்கூல்ல வேற கைரேகையை ஸ்கேன் பண்ணி பிள்ளை குணத்தை சொல்ற டெஸ்டுக்கு பணம் கட்ட சொல்றாங்க, கட்டலாமா?

பதில்: கைரேகை டெஸ்டுக்கு கட்டாதீங்க, அதை முதல்லயே சொல்லிடறேன், காரணம் கீழ வருது.

மாமியார் சொல்றதுல விஷயம் இருக்கு. 1979ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டியில தாமஸ் புஷார்ட்னு ஒருத்தர், குழந்தையிலயே பிரிஞ்சு வேற வேற வீட்ல வளர்ந்த ட்வின்ஸை தேடிப் பிடிச்சு டெஸ்ட் பண்ண ஆரம்பிச்சாரு. அச்சு அசலா ஒரே மாதிரி, ஜீனும் ஒன்னாவே இருக்கற ட்வின்ஸ் தனித்தனியா வளர்ந்திருந்தாலும், ஒரே வீட்ல வளர்ந்த அதே மாதிரி ட்வின்ஸ் அளவுக்கே கிட்டத்தட்ட குணத்துல ஒத்துப்போனாங்க. அதுக்கப்புறம் எத்தனையோ ட்வின்ஸ் ஸ்டடி வந்தாச்சு, ஆளுக்கு ஆள் குணம் வேறுபடறதுல 40ல இருந்து 50 சதவீதம் ஜீனால வருதுன்னு தான் பெரும்பாலும் முடியுது.

ஆனா இந்த நம்பரை எல்லாரும் தப்பா படிக்கறாங்க. உங்க பையனோட கூச்சத்துல பாதி அப்பா குடுத்தது, மீதி நீங்க குடுத்ததுன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. ஒரு பெரிய கூட்டத்தை எடுத்துக்கிட்டா அதுல ஒருத்தருக்கொருத்தர் இருக்கற வித்தியாசத்தைப் பத்தின கணக்கு அது, தனியா ஒரு பிள்ளைக்கு அதைப் போடவே முடியாது. கூச்சத்துக்குன்னு தனியா ஒரு ஜீனும் கிடையாது, ஏகப்பட்ட ஜீன் கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து பண்ற வேலை. ஒவ்வொரு தடவையும் அம்மா ஜீன்ல பாதி அப்பா ஜீன்ல பாதின்னு குலுக்கிப் போட்டு தான் வருது, அதனால உங்க பொண்ணு வாயாடியா பிறந்ததுல ஆச்சரியமே இல்ல, அவளும் அதே அப்பா பிள்ளை தானே.

இப்ப உங்கம்மா சொல்றது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே கண்டிப்பு, இதெல்லாம் கூடப்பிறந்தவங்களை ஒரே குணமா ஆக்கறது ரொம்ப ரொம்ப கம்மின்னு ராபர்ட் ப்ளோமின், டெனிஸ் டேனியல்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987லயே எழுதிட்டாங்க. இதைப் படிச்சுட்டு அப்ப பேரன்ட்ஸால ஒன்னும் ஆகாதுன்னு சிலர் கிளம்பிட்டாங்க, அதை நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டு பிள்ளைகிட்டயும் நீங்க ஒரே அம்மாவா இருக்கறதில்லையே! ஓடிப்போய் பேசற பொண்ணை விட்டுடறீங்க, ஒளிஞ்சு நிக்கறவனை இழுத்து அணைச்சுக்கறீங்க. அவன் ஒளிஞ்சதால நீங்க பொத்தினீங்களா இல்ல நீங்க பொத்தினதால அவன் ஒளிஞ்சானான்னு கேட்டா, பல கேஸ்ல பிள்ளையோட சுபாவம் தான் முதல்ல அம்மாவை மாத்துது, அப்புறம் அம்மா பண்றது அந்த சுபாவத்தை இன்னும் கெட்டியாக்குது. எல்லா பழியும் உங்க மேலன்னு நினைக்காதீங்க.

ஹார்வர்டுல ஜெரோம் கேகன்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 4 மாசக் குழந்தைங்களுக்கு புது பொம்மை, புது குரல், புது வாசனைன்னு காமிச்சுப் பார்த்தாரு. அஞ்சுல ஒரு குழந்தை கை காலை உதறி முதுகை வளைச்சு அழுதுச்சு. இந்தக் குழந்தைங்க தான் ரெண்டு வயசுல புது ஆளைக் கண்டா ஒதுங்கறது அதிகமா இருந்துச்சு. ஆனா எல்லாமே அப்படி ஆகல. சின்ன அழுகைக்கெல்லாம் ஓடிப்போய் தூக்கின வீட்ல பயம் தங்கிடுச்சு, அன்பாவே இருந்தாலும் கொஞ்சம் கண்டிப்பா, அவங்களையே சமாளிக்க விட்ட வீட்ல பயம் குறைஞ்சுது. அப்படிக் குறைஞ்சவங்களும் கலகலப்பான ஆளா மாறினது அபூர்வம், அதையும் சேர்த்தே சொல்றேன். உங்க பையன் அமைதியான ஆளாவே இருக்கலாம், இருக்கட்டுமே, பயந்த ஆளா ஆகாம பார்த்துக்கறது தான் உங்க வேலை.

இதுல உங்க முகத்துக்கு பெரிய பங்கு இருக்கு. 1985ல ஒரு ஸ்டடி, ஒரு வயசுக் குழந்தையை கண்ணாடி மேஜை மேல விட்டாங்க, பாதி தூரத்துக்கு அப்புறம் கண்ணாடிக்கு கீழ பள்ளம் தெரியும். எதிர்ல அம்மா சிரிச்ச முகமா நின்னப்போ 19 குழந்தைல 14 தாண்டி வந்துச்சு, அம்மா பயந்த முகத்தைக் காட்டினப்போ 17ல ஒன்னு கூட தாண்டல. காலிங் பெல் அடிச்சதும் 'ஐயோ இவன் இப்ப மானத்தை வாங்கப்போறான்'னு உங்க முகம் மாறுது பாருங்க, அவன் அதைத்தான் பார்க்கறான்.

அதனால வந்தவங்க "உன் பேரென்ன"ன்னு கேட்டா நீங்க பதில் சொல்லாதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, அவன் சொல்லலைன்னா "அப்புறமா சொல்லுவான்"னு சாதாரணமா விட்டுடுங்க. "இவன் அவங்கப்பா மாதிரி, பேச மாட்டான்"னு அவன் காதுபட சொல்றதை மாமியார் உள்பட எல்லாரும் இன்னைக்கே நிறுத்தணும். பாட்டு பாடு, டான்ஸ் ஆடுன்னு பிடிச்சு இழுக்கவும் வேண்டாம். பர்த்டே பார்ட்டிக்கு கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே போயிடுங்க, நாலு பேர் இருக்கற ரூம்ல செட்டில் ஆகறது ஈஸி. கடையில பிஸ்கட் பாக்கெட்டை அவனே கேட்டு காசு குடுத்து வாங்கட்டும். உங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல எப்படி சமாளிச்சாருன்னு அவனுக்கு சொன்னா இன்னும் நல்லது.

கைரேகை விஷயத்துக்கு வர்றேன். ரேகையும் மூளையும் கர்ப்பத்துல ஒரே சமயத்துல உருவாகுதுங்கறதை வச்சு இதை விக்கறாங்க. ரேகை கர்ப்பத்துல உருவாகறது உண்மை தான், ஆனா அதைப் பார்த்து குணத்தையோ புத்தியையோ சொல்ல முடியும்னு எந்த ஆதாரமும் கிடையாது. காசு போறதை விட, அந்த ரிப்போர்ட்ல 'இன்ட்ரோவெர்ட்'னு போட்டுக் குடுத்துட்டா வீடும் ஸ்கூலும் அதையே பிடிச்சுக்கும்ங்கறது தான் என் பயம்.

வீட்ல நல்லா பேசறவன் ஸ்கூல்ல மட்டும் ஒரு மாசத்துக்கு மேல வாயே திறக்கலைன்னாலோ, ஸ்கூல் நாள்ல மட்டும் காலையில வயித்து வலி, வாந்தின்னு வந்தாலோ, அது கூச்சத்தைத் தாண்டின விஷயம். டீச்சர்கிட்ட ஒரு தடவை விவரமா கேட்டுட்டு, அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல காட்டுங்க. முதல்ல போன்ல பேசணும்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், ஃப்ரீ தான்.