சாலை மறியல் வழக்கு இருந்தால் பாஸ்போர்ட் கிடைக்காதா?

கேள்வி: 2018 மே மாதம் குடிதண்ணீர் கேட்டு ஊர்மக்களோடு சேர்ந்து காலிக்குடங்களுடன் மறியல் செய்தோம். பிடித்துப்போய்க் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டுவிட்டார்கள். அதன்பிறகு சம்மன்கூட வரவில்லை. இப்போது சிங்கப்பூர் வேலைக்காகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். வழக்கு ஏதுமில்லை என்று எழுதினேன். என் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188, 341 பிரிவுகளில் வழக்கு இருப்பதாகப் போலீஸ் அறிக்கை போயிருக்கிறது. ‘ஏன் மறைத்தீர்கள்’ என்று பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்கிறது. வழக்கு முடிந்துவிட்டதாக எழுதிக் கொடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். கொடுக்கலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். வழக்கு முடிந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, ஏஜென்டுக்கும் தெரியாது. பொய்த் தகவல் தந்து பாஸ்போர்ட் வாங்குவது, பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். குடத்தோடு சாலையில் உட்கார்ந்ததற்கு அவ்வளவு தண்டனை கிடையாது.

நீங்கள் ‘இல்லை’ என்று எழுதியது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டம், பிரிவு 6(2)(எஃப்), குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கைத்தான் தடையாகச் சொல்கிறது. காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கை அதில் சேராது. போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) அதைக் கோப்பில் எடுத்த பிறகுதான் வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதாகப் பொருள். சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. வெளியுறவு அமைச்சகமும் 10.10.2019 தேதியிட்ட குறிப்பாணையில் இதையே சொல்லியிருக்கிறது. ஆனாலும் கணினியில் பெயர் தட்டுப்பட்டாலே பாதகமான அறிக்கை அனுப்பும் வழக்கம் ஓயவில்லை.

எனவே முதல் வேலை, குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறதா என்று பார்ப்பது. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். மறியல் வழக்குகளில் நாலைந்து பெயர்களை எழுதிவிட்டு ‘மற்றும் பலர்’ என்று முடித்திருப்பார்கள். உங்கள் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று கவனியுங்கள். பிறகு இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு மூன்றையும் கொடுத்துத் தேடலாம். அதோடு நில்லாமல் நடுவர் நீதிமன்ற அலுவலகத்திலும் நேரில் கேட்டுவிடுங்கள்.

தாக்கலாகவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவானது. நீங்கள் சொல்லும் மூன்று பிரிவுகளிலும் அதிகபட்சத் தண்டனை 6 மாதத்தைத் தாண்டாது. இத்தகைய குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க ஓராண்டுதான் கெடு. உங்கள் வழக்கில் அது 2019-லேயே முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் போலீஸ் தக்க காரணம் காட்ட வேண்டும். அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான 188-ஆம் பிரிவில் போலீசின் நிலை இன்னும் மோசம். உத்தரவு போட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துமூலம் புகார் தர வேண்டுமே தவிர, அந்தப் பிரிவில் போலீஸ் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது என்று மதுரைக் கிளை 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தக் காரணங்களை வைத்து, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கோரலாம்.

தாக்கலாகியிருந்தாலும் கதவு அடைபடாது. 25.8.1993 அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வெளிநாடு செல்ல அனுமதி பெற்று அதைக் காட்டினால் பாஸ்போர்ட் தரலாம். மனுவில் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் கேட்டு வாங்குங்கள். உத்தரவில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஓராண்டுக்குத்தான் பாஸ்போர்ட் கிடைக்கும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

விளக்கக் கடிதத்தை இழுத்தடிக்க வேண்டாம். ‘முதல் தகவல் அறிக்கை இருப்பது இப்போதுதான் தெரிந்தது, எனக்குச் சம்மன் வரவில்லை, நான் விசாரித்த வரை குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை’ என்று உள்ளதை எழுதி, அறிக்கை நகலையும் இணைத்துக் கடிதத்தில் குறித்த தேதிக்குள் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதற்குப் பின்னும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 5-ஆம் பிரிவின்படி தர வேண்டும். காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டை முடக்கியதால் எழுந்ததுதான் 1978-இல் தீர்ப்பான மேனகா காந்தி வழக்கு. மறுப்பை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேலைக்கான கெடு நெருங்கினால் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுங்கள். வேலை நியமனக் கடிதத்தையும் அதோடு இணையுங்கள்.