கீரிக்கு வேலை கொடுத்தவர்கள்

கேள்வி: ஜப்பானின் அமாமி தீவில் ஓர் அபூர்வ முயலைக் காப்பதற்காகக் கீரிகளை ஒன்று விடாமல் ஒழித்துவிட்டார்களாமே? ஓர் உயிருக்காக இன்னோர் உயிரைக் கொல்வது எந்த ஊர் நியாயம்? முயல் பிழைத்ததா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: கீரி என்றீர்களே, அது போதும். சந்தை மூலையில் கூடைப் பாம்பையும் கயிற்றில் கட்டிய கீரியையும் வைத்துக்கொண்டு, "இதோ சண்டை விடப்போகிறேன், பாதியில் எழுந்து போனால் ரத்தம் கக்குவீர்கள்" என்று மிரட்டுவாரே ஒருவர், அவரைப் பார்க்காமலா வளர்ந்திருப்பீர்கள்? பல்பொடி விற்கும். தாயத்து விற்கும். மூலத்துக்குச் சூரணம்கூட விற்கும். சண்டை மட்டும் நடக்காது. கீரி கொட்டாவி விடும், பாம்பு கூடைக்குள் சுருண்டுகொள்ளும், ரத்தத்துக்குப் பயந்து நாம் நின்றுகொண்டே இருப்போம்.

அதே வித்தையைத்தான் ஜப்பானில் பேராசிரியர்கள் காட்டினார்கள். ஹபு என்ற நச்சுப் பாம்பையும் எலியையும் ஒழிக்க 1910-இல் வத்தாசே ஷோசபுரோ என்ற விலங்கியல் அறிஞர் கங்கைக் கழிமுகத்துக் கீரிகளை ஒகினாவாவில் கொண்டுபோய் விட்டார். ஜப்பானின் வடபுறத்து உயிரினங்களையும் தென்தீவுகளின் உயிரினங்களையும் பிரிக்கும் எல்லைக்கோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்! 1979-இல் ஒகினாவாவிலிருந்து சுமார் 30 கீரிகள் அமாமிக்குப் போயின. ஹபு இரவில் இரை தேடும். கீரி பகலில் திரியும். சந்தைக்காரராவது இரண்டையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார்.

கீரிக்குப் பசிக்காதா? ஊனுண்ணும் பாலூட்டியையே அறியாத தீவு அது. அங்கே பகலெல்லாம் வளையில் கிடக்கும் கருமுயல், குட்டைக் காது, குட்டைக் கால். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான். தாய் அதைத் தனி வளையில் விட்டு வாயிலை மண்ணால் அடைத்துவிடும். இரவில் வந்து திறந்து, பால் கொடுத்து, மறுபடியும் மூடிவிட்டுப் போகும். இப்படிப் பூட்டுப் போட்டு வளர்க்கும் தாயிடம் கங்கைக் கரைக் கீரியை அனுப்பினால் என்ன ஆகும்?

2000 வாக்கில் கீரிகள் பத்தாயிரத்தை எட்டின. பிறகு பொறிகள், மோப்ப நாய்கள், 2005-இல் இதற்கென்றே ஒரு படை. முப்பதாயிரத்துக்கும் மேல் பிடித்துக் கொன்றார்கள். 2018-க்குப் பிறகு ஒன்றும் சிக்கவில்லை. 2024 செப்டம்பரில் ஒழிந்தது என்று அரசு அறிவித்தது. நியாயம் கேட்டீர்கள். முப்பதைக் கப்பலேற்றிய அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதற்குப் பிறகு முயலா கீரியா என்று ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும். உலகில் அமாமி, தொகுனோஷிமா என்ற இரண்டே தீவுகளில் வாழும் முயலுக்குத்தான் என் ஓட்டு. கீரிக்கு உலகம் முழுக்க வீடு.

இந்த இடத்தில் நான் சீமைக் கருவேலத்தை இழுப்பேன் என்று உதவி ஆசிரியர் முகத்தைச் சுளிக்கிறார். இழுப்பேன்தான். விறகுக்கு என்று கொண்டுவந்து ராமநாதபுரத்துக் கண்மாய்களை அதற்கு எழுதிக்கொடுத்தவர்களும் மெத்தப் படித்தவர்களே. போன மாதம் இதைச் சொன்னதற்கு, "விஞ்ஞானத்தின் எதிரி" என்று ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடுப்பெரிக்கப் பயன்பட்டது.

முயல் பெருகி வருகிறது. ஆனாலும் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற பெயர் இன்னும் முழுதாகப் போகவில்லை. இப்போது காரில் அடிபட்டுச் சாகிறது, காட்டுக்குள் போன வளர்ப்புப் பூனைகளிடமும் சிக்குகிறது. ஒகினாவாவில் கீரிகள் இன்னும் இருக்கின்றன, பொறியும் வைக்கிறார்கள். ஹபு இரண்டு தீவுகளிலும் சௌக்கியம்.