மலிவு மைக்கில் ‘ச’ காதைக் கீறினால் என்ன செய்வது?

கேள்வி: 5,000 ரூபாய்க்கு ஒரு கன்டென்சர் மைக் வாங்கி வீட்டில் பாடிப் பதிவு செய்கிறேன். ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் கீறுகிறது. பிரித்து ஏதாவது மாற்றினால் சரியாகுமா?

சரியாகும், பெரும்பாலும். ஆனால் கீறலுக்குக் காரணம் மலிவு மட்டும் இல்லை, அதனால் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் 1960-இல் யு67 மைக்கைக் கொண்டுவந்தது. அதன் கே67 கேப்ஸ்யூலுக்கு (ஒலியை வாங்கி மின்சாரமாக மாற்றும் பகுதிதான் கேப்ஸ்யூல்) உச்ச அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும் குணம் உண்டு. அந்தத் தூக்கலை மைக்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட் திரும்ப இறக்கிவிடும். இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒலி. இன்றைய மலிவு மைக்குகளில் பல, கேப்ஸ்யூலை மட்டும் அந்த மாதிரியில் செய்துவிட்டு, இறக்கும் வேலையைச் செய்யாத எளிய சர்க்யூட்டைப் பொருத்துகின்றன. தூக்கல் அப்படியே பதிவில் வந்து விழுகிறது. உங்கள் குரலில் தவறில்லை.

பிரிப்பதற்கு முன் செலவில்லாமல் ஒரு சோதனை. பதிவு மென்பொருளின் ஈக்யூவில் (அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியை அகலமாக 3, 4 டெசிபல் இறக்கிக் கேளுங்கள். கீறல் அடங்கினால் கேப்ஸ்யூல்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்தலாம், தவறே இல்லை. அடங்காமல் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் குற்றம் அறையில் இருக்கிறது. பாடும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் கனமான போர்வையோ மெத்தையோ வையுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்படி பாடுங்கள். வெற்றுச் சுவர் அறைக்கு எந்தக் கேப்ஸ்யூலும் மருந்தில்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தால், பாண்டம் பவரை (கேபிள் வழியே மைக்குக்கு வரும் மின்சாரம்) அணைத்து, கேபிளைக் கழற்றி, சில நிமிடம் விட்டுவிட்டுத் திறவுங்கள். உள்ளே 34 மில்லிமீட்டர் அகலத்தில் தங்கப் பூச்சுள்ள வட்டம் தெரிகிறதா? அப்படியானால் கே47 வகைக் கேப்ஸ்யூலை ஆன்லைனில் வாங்கிப் பொருத்தலாம். 1949-இல் வந்த யு47-இன் வழி வந்த வடிவம் அது. அந்த உச்சத் தூக்கல் அதில் மிகவும் குறைவு, எளிய சர்க்யூட்டுக்கு நன்றாகப் பொருந்தும். பெரிய கூட்டுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு உலோகக் குப்பி மட்டும் இருந்தால் அது எலெக்ட்ரெட், அதாவது சார்ஜைத் தன்னுள்ளேயே நிரந்தரமாக வைத்திருக்கும் வகை. பெரிய கேப்ஸ்யூலுக்கு வேண்டிய சார்ஜ் வோல்டேஜை அந்த சர்க்யூட் கொடுக்காது, மாற்றினாலும் வேலை செய்யாது. அந்த மைக்கில் பணம் போடாதீர்கள்.

பொருத்தும்போது டயஃப்ரத்தை, அதாவது கேப்ஸ்யூலின் அதிரும் முகத்தை, எதுவும் தொடக்கூடாது. அது சில மைக்ரான் தடிமனுள்ள படலம், விரல் பட்டால் போச்சு. பழைய வயர்களின் நிறத்தையும் இடத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். கேப்ஸ்யூல் வயர் போய்ச் சேரும் பகுதியில் ஜிகாஓம் அளவு, அதாவது மிக அதிகத் தடை கொண்ட ரெசிஸ்டர்கள் இருக்கும். அங்கே கை வியர்வையோ சால்டர் பசையோ படிந்தால் மின்சாரம் கசிந்து சடசடவென்று இரைச்சல் வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுங்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டு, புதுக் கேப்ஸ்யூல் மோசம் என்று திட்டுபவர்கள் நிறைய.

ஒலி போகும் பாதையில் செராமிக் கெபாசிட்டர் இருந்தால், அதே மதிப்பில், குறைந்தது 63 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கெபாசிட்டர் போடலாம். செராமிக்கில் பல வகைகள் அதிர்வையே மின்சாரமாக மாற்றும். சென்னையில் இருந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஃபிலிம் கெபாசிட்டர் கிடைக்கும். தலைப்பக்கக் கம்பி வலையின் உள் அடுக்கைப் பிய்ப்பதை மட்டும் கடைசிக்கு வையுங்கள், அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிரிப்பதற்கு முன் ஒரு வரியைப் பாடிப் பதிந்து வைத்து, மாற்றிய பின் அதே தூரத்தில் நின்று அதே வரியைப் பாடுங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடியிருந்தால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.