பழக்கினவர் கையில் ஓடுகிற மாடு வீட்டில் ஏன் நிற்கிறது?

கேள்வி: ஐயா, சங்கானைப் பக்கம் வெங்காயமும் புகையிலையும் செய்கிறேன். ஆசைப்பட்டு ஒரு சோடி நாம்பன் (இளங்காளை) வாங்கி, மாட்டுவண்டில் சவாரிப் போட்டிக்குப் பழக்கச் சொல்லி ஒருவரிடம் மூன்று மாதம் விட்டேன். மாதாமாதம் காசு கொடுத்தேன், தீனிச் செலவும் என்னுடையது. கூட்டிவரப் போன அன்று அவர் ஓட்டிக் காட்டினார், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடின. வீட்டில் நானும் மகனும் பூட்டினால் வலப்பக்கம் பூட்டுகிற வலத்தன் தலையை வெளியே திருப்பி இழுக்கிறான், பாதித் தூரத்தில் நின்றுவிடுகிறான். இரண்டும் நாலு பல். மருந்துக் கடைக்காரர் ஒரு டொனிக்கும், ஓட்டத்துக்கு முன்னால் போட ஒரு ஊசியும் இருக்கிறது என்கிறார். மச்சான் கிளிநொச்சியில் வேறொருவரிடம் மாற்றச் சொல்லி நிற்கிறார். பழக்கினவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? எந்த ஊசி நல்லது? பொங்கலுக்குப் பிறகு வட்டுக்கோட்டையில் ஓடவிட ஆசை.

பதில்: தம்பி, ஊசி எதுவும் வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன். பழக்கினவர் ஏமாற்றியதாக உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கையில் நேராக ஓடுகிறதென்றால் மாடு படித்துவிட்டது. படிக்காமல் இருப்பது நீங்களும் மகனும்தான். மூன்று மாதத்தில் காசு கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள், ஒரு நாளாவது விடியப் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்ததாக எழுதவில்லை. அவர் கையில் செய்வதை என் கையிலும் மாடு செய்ய நான் என்ன பழக வேண்டும் என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மூக்கில் கோத்த நாணயக்கயிற்றை இழுப்பதால் மாடு படிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கயிற்றை இழுப்பது மாட்டுக்கு ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். அந்தத் தொந்தரவு எப்போது நிற்கிறது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. தலையை வெளியே திருப்புகிற மாட்டின் மூக்கில் கயிறு இறுகுகிறது. அது தலையைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்த உடனேயே கயிறு இளக வேண்டும். இரண்டு மூன்று எட்டு வைத்த பிறகு இளக்கினால், அந்த நேரத்தில் வேறு என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே சரியென்று மாடு எடுத்துக்கொள்ளும். இளக்கவே இல்லையென்றால் இன்னும் மோசம். என்ன செய்தாலும் வலி போகாது என்று கண்ட மாடு ஒன்றில் முரண்டு பிடிக்கும், இல்லாவிட்டால் நின்றுவிடும். உங்கள் வலத்தன் இரண்டையும் செய்கிறான்.

நல்ல பழக்குனர் ஒருவரின் கையைக் கிட்ட நின்று பாருங்கள். அவர் கயிற்றை முட்டியாகப் பொத்திப் பிடிக்க மாட்டார். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கயிறு கிடக்கும், மற்ற விரல்கள் திறந்து மூடும். அவருடைய கண் மாட்டின் காதில் இருக்கும். தலை உள்ளே திரும்புவதற்கு முதல் காது திரும்பும், அந்த நேரத்திலேயே விரல் இளகிவிடும். புதிதாக வண்டிலில் ஏறுகிறவர் செய்வது நேர்மாறு. சில்லு குலுங்கும்போதெல்லாம் தான் விழாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறார். அந்தப் பாரம் முழுவதும் மூக்கில் விழுகிறது. ஓடு என்று வாயால் கத்திக்கொண்டு, நில் என்று கயிற்றால் சொன்னால் மாடு எதைக் கேட்கும்? மகன் முதலில் கயிறு பிடிக்காமல், வெறும் வண்டிலில் கால் ஊன்றி நிற்கப் பழகட்டும்.

மாடு ஓட்டுகிற தடியான துவரங்கேட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது தொட்டுக் காட்டுவதற்கு. ஆணி ஏற்றின தடி வைத்திருப்பவரிடம் மாட்டை விடவே கூடாது, அவர் எத்தனை பரிசு எடுத்தவராக இருந்தாலும். இலங்கையில் மிருகவதைக்கு எதிரான சட்டம் 1907 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், வலிக்குப் பயந்து ஓடின மாடு அடுத்த முறை வண்டிலைக் கண்டாலே வெருளும்.

சரி, இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அதே ஆளிடம் திரும்பப் போங்கள். குற்றம் சொல்லிக்கொண்டு போகாமல், "அண்ணை, எங்களுக்கும் பழக்கிவிடுங்கோ" என்று கேளுங்கள். அதற்குத் தனியாகக் காசு கொடுங்கள், அது அவருடைய தொழில். முதலில் அவர் ஓட்ட நீங்கள் பின்னால் இருந்து கையைப் பாருங்கள். போனில் படம் எடுப்பதென்றால் மாட்டை எடுக்காமல் அவர் கையை எடுங்கள். பிறகு நீங்கள் பிடிக்க அவர் பக்கத்தில் இருக்கட்டும். அவர் நாக்கைத் தட்டி எழுப்புகிற சத்தம், நிறுத்துகிற சத்தம் எல்லாவற்றையும் அப்படியே பழகுங்கள். வீட்டில் நீங்கள் ஒரு சத்தம், மகன் ஒரு சத்தம், மச்சான் ஒரு சத்தம் என்று வைத்தால் மாட்டுக்கு ஒன்றும் விளங்காது. அவரோடு கதைப்பதற்கும் வீட்டில் ஒரே ஆளை வையுங்கள். ஓட்டுகிற நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்வதை எந்த நல்ல பழக்குனரும் பொறுக்க மாட்டார்.

மாட்டை விடும் முன்பே கதைத்து ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டிய விஷயங்களும் உண்டு. மாடு எதற்குத் தயாராக வேண்டும், ஓட்டப்போவது யார், வருத்தம் வந்தால் மிருக வைத்தியரை யார் கூப்பிடுவது, யார் காசு, பரிசு விழுந்தால் எப்படிப் பங்கு, அவர் இல்லாத நாளில் வேறு யார் கை வைப்பது. 2020 இல் தோல் கழலை நோய் வடக்கில் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். பல வீட்டு மாடுகள் கூடுகிற இடத்தில் தடுப்பூசி போடாத மாட்டை விடக்கூடாது. இன்னொன்று, "இந்த மாடு சவாரிக்குச் சரிவராது" என்று பழக்குனர் முகத்துக்கு நேரே சொன்னால் அவரோடு கோபிக்காதீர்கள். மாதக் காசு போகும் என்று தெரிந்தும் அப்படிச் சொல்கிறவர் நம்பத்தக்க மனிதர்.

ஆளை மாற்றுவது இப்போதைக்கு வேண்டாம். புதியவருடைய கையும் சத்தமும் வேறாக இருக்கும், மாடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரும்பி வரும்போது உங்கள் கை இப்போது போலத்தான் இருக்கும்.

கையை மட்டும் சொல்லி உடம்பை விட்டுவிடவும் முடியாது. அவருடைய வண்டிலும் உங்களுடையதும் ஒரே அளவா? நுகம் மாறினால் கழுத்து நோகும். வலத்தனின் கழுத்தில் நுகம் படுகிற இடத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், தோல் நடுங்கினாலோ சூடாக இருந்தாலோ பூட்டாதீர்கள். குளம்பின் இடுக்கையும் பாருங்கள். வாங்கும் முன் கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் புண் வரும் கோமாரி) வந்ததா என்று விற்றவரைக் கேளுங்கள். அந்த நோய் வந்து மாறின சில மாடுகள் பிறகு வெயிலில் கடுமையாக மூச்சு வாங்கும். பாதித் தூரத்தில் நிற்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், அப்படியென்றால் எந்தப் பழக்குனராலும் மாற்ற ஏலாது. அங்கே தவிடும் புண்ணாக்கும் கூடுதலாகத் தின்றுவிட்டு இங்கே வந்து வெறும் வைக்கலும் பனையோலையும் என்றாலும் மாடு சோரும். தீனியை இரண்டு கிழமையாவது எடுத்து மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

இப்போது ஊசி. வைத்தியர் பார்க்காத மாட்டுக்கு, கடை மேசைக்கு அப்பால் நின்று ஊசி சொல்கிறவர் மாட்டை விற்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓட்டத்துக்கு முன்னால் போடுகிற ஊசிகளில் வலியை மறைப்பவை உண்டு. நொண்ட வேண்டிய மாடு நொண்டாமல் ஓடும், அந்த ஓட்டத்திலேயே கால் முறிந்தும் போகும். ஸ்டீராய்டு என்றால் நோய் எதிர்ப்பையும் குறைத்துவிடும். டொனிக் காசுக்கு உங்கள் மகன் பழக்குனரிடம் நாலு விடியற்காலை கூடுதலாகப் படிக்கலாம்.

பொங்கலுக்குப் பிந்திய ஓட்டத்தையும் கைவிடுங்கள். நாலு பல் என்றால் வயது ஏறத்தாழ இரண்டரை, மூன்று. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள எலும்பின் வளர்கிற இடம் மூட இன்னும் ஒரு வருடமளவில் இருக்கிறது. வெறும் வண்டிலில், ஈர மணலில், குறுகிய தூரம் விடியற்காலையில் ஓட்டுங்கள். நேராக ஓடின உடனேயே அவிழ்த்துவிடுங்கள். பழக்குனரோடு ஒரு மாதம் போன பிறகும் வலத்தன் அதே இடத்தில் நின்றால், உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரைக் கொண்டு நெஞ்சையும் காலையும் சோதித்து, அவர் சொன்னதோடு திரும்ப எழுதுங்கள்.