அரசு கைவிரித்தால் யாருடைய காசு? – வாசகர் கேள்வி பதில்

கே: 2022இல் நாடு வங்குரோத்து என்றார்கள். ஆனால் எனது திறைசேரி உண்டியல் (அரசு ஒரு வருடம்வரை கடன் வாங்கும் குறுங்காலப் பத்திரம்) முதிர்ந்தபோது ஒரு சதமும் குறையாமல் பணம் வந்தது. அப்படியென்றால் அரசாங்கம் எதைத்தான் கட்டவில்லை? – ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், வவுனியா

ப: 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை நிதி அமைச்சு நிறுத்தியது வெளிநாட்டுக் கடனை மட்டுமே. சர்வதேச இறையாண்மைப் பிணைமுறிகள் (வெளிநாட்டுச் சந்தையில் அரசு விற்ற டொலர் கடன் பத்திரங்கள்), பிற நாடுகள் தந்த கடன்கள், வெளிநாட்டு வர்த்தகக் கடன்கள் ஆகியவை அதற்குள் வந்தன. உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் தவணைகள் நிறுத்தப்படவில்லை. ஏப்ரல் 18இல் கட்டவேண்டியிருந்த 7 கோடி 80 இலட்சம் டொலர் வட்டி கட்டப்படவில்லை. 30 நாள் சலுகைக் காலமும் முடிந்த பிறகு, வரலாற்றில் முதற்தடவையாக இலங்கை கடன் தவறிய நாடாகியது.

ரூபாய்க் கடனுக்கு அந்த நிலை வராததற்குக் காரணம், ரூபாயை மத்திய வங்கி அச்சிடலாம், டொலரை அச்சிட முடியாது என்பதுதான். ஆனால் ரூபாயில் கடன் கொடுத்தவர்கள் தப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்ரெம்பரில் பணவீக்கம் 69.8%. அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு 10 இலட்சத்தை 7% வட்டிக்குப் போட்டவர் கையில் 10 இலட்சத்து 70 ஆயிரம் வந்தது. பழைய விலைக்கு அதை மாற்றிப் பார்த்தால் 6 இலட்சத்து 30 ஆயிரம்தான். டொலர் முறி வைத்திருந்தவர் இழந்தது பத்திரிகையில் தலைப்புச் செய்தியாக வந்தது. இவர் இழந்தது சந்தைக்குப் போனபோதுதான் தெரிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே செப்ரெம்பரில், எல்லோரும் பயந்து ஒதுங்கியபோது, 364 நாள் உண்டியலை 30% அளவில் வாங்கியவருக்கு அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3% ஆக இறங்கியிருந்தது. அவர் அள்ளிக்கொண்டார். ஆக, கடன் நெருக்கடியில் எதில் முதலிட்டீர்கள் என்பதைப் போலவே எந்த மாதத்தில் முதலிட்டீர்கள் என்பதும் முக்கியம்.

கே: உண்டியலுக்கு ஆபத்து இல்லையென்றால் திறைசேரி முறியும் அப்படித்தானே? 2022 கடைசியில் அவசரத்துக்கு விற்கப் போனபோது பாதி விலையே சொன்னார்கள். – வாசகி, திருகோணமலை

ப: முறி என்பது அரசின் நீண்டகாலக் கடன் பத்திரம். முதிரும்வரை வைத்திருந்தால் முழுத்தொகை வரும். இடையில் விற்றால் அன்றைய வட்டி வீதம்தான் விலையைத் தீர்மானிக்கும். கணக்கைப் பாருங்கள். ஐந்து வருடம் மீதமுள்ள, ஆண்டுக்கு 11% வட்டியை அரையாண்டுத் தவணைகளில் தரும் 100 ரூபாய் முறி ஒன்று உங்களிடம் இருக்கிறது. சந்தையில் ஈவு, அதாவது அன்று வாங்குபவர் எதிர்பார்க்கும் ஆண்டு வருமான வீதம், 11% ஆக இருந்தால் அதன் விலை 100 ரூபாய். ஈவு 27% ஆக ஏறினால் அதே முறியின் விலை ஏறத்தாழ 57 ரூபாய் 40 சதம். புதிதாக 27% கிடைக்கும்போது உங்களுடைய 11% முறியை யாரும் முழுவிலைக்கு வாங்கமாட்டார்கள். அரசு ஒரு தவணையும் தவறாமலேயே உங்கள் கையில் 43 ரூபாய் கரைந்துவிடும். மூன்று மாத உண்டியலில் இதே அதிர்ச்சி சில ரூபாயோடு நின்றுவிடும். காலம் நீள நீள அடி பெரிதாகும். மருத்துவச் செலவு, மகளின் திருமணம் என்று திகதி தெரிந்த தேவைகளுக்கு நீண்டகால முறி பொருந்தாது.

கே: கடன் தவறியது அரசாங்கம். எனது கடைக்கு வங்கி ஏன் கதவைச் சாத்தியது? மேலதிகப் பற்று (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடன்) வட்டி இரண்டு மடங்குக்கு மேல் போனது. இந்தியாவிலிருந்து சரக்கு எடுக்க எல்.சி.யும் (விற்பவருக்கு வங்கி தரும் கொடுப்பனவு உறுதிக் கடிதம்) திறக்க முடியவில்லை. – வன்பொருள் கடைக்காரர், யாழ்ப்பாணம்

ப: மூன்று பக்கமிருந்தும் உங்களை நெருக்கினார்கள்.

முதலாவது வட்டி. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. உங்களுடைய மேலதிகப் பற்றின் வட்டி பெரும்பாலும் வங்கிகளின் சராசரி முதன்மைக் கடன் வீதத்தோடு கட்டப்பட்டிருக்கும். அது மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறை திருத்தப்படும். அந்த வீதம் 2022 முடிவில் 27%ஐத் தாண்டி நின்றது. அதுவும் வங்கியின் மிகச் சிறந்த வாடிக்கையாளருக்கான வீதம். உங்களுக்கு அதன்மேல் இன்னும் சில புள்ளிகள் சேரும்.

இரண்டாவது, வங்கியின் இடத்திலிருந்து பாருங்கள். அரசாங்கத்துக்கு மூன்று மாதம் கடன் கொடுத்தால் அன்று 30%க்கு மேல் வந்தது. அதற்கு மூலதனம் ஒதுக்கத் தேவையில்லை, கடன் அறவிட யாரையும் அனுப்பவும் தேவையில்லை. உங்களுக்குக் கொடுத்தால், சீமெந்து விலையும் டொலரும் ஏறும் சந்தையில் நீங்கள் கட்டுவீர்களா என்பதே சந்தேகம். அந்தச் சந்தேகம் முற்றாகப் பிழையும் அல்ல: 2023இல் வங்கித்துறையின் செயற்படாக் கடன்கள் 12%ஐத் தாண்டின. அதே நேரத்தில் வங்கிகள் தாங்கள் வைத்திருந்த டொலர் பிணைமுறிகளுக்கும் நட்ட ஏற்பாடு ஒதுக்கவேண்டி வந்தது. மூலதனம் சுருங்கிய வங்கி முதலில் வெட்டுவது சிறு வியாபாரியின் கடன் எல்லையைத்தான். தனியார்துறைக் கடன் 2022 நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் மாதாமாதம் சுருங்கியது.

மூன்றாவது எல்.சி. ஒரு நாட்டிலுள்ள வங்கியின் தரமதிப்பீடு, அதாவது கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குக் கொடுக்கப்படும் மதிப்பெண், பொதுவாக அந்த நாட்டின் தரமதிப்பீட்டைத் தாண்டிப் போகாது. நாடு விழுந்ததும் வங்கியும் கூடவே விழும். உங்கள் வங்கி திறக்கும் எல்.சி.யை உறுதிப்படுத்த வெளிநாட்டு வங்கி மறுக்கும், அல்லது முழுத்தொகையையும் டொலரில் முன்கூட்டியே வை என்று கேட்கும். வங்கியிடமே டொலர் இல்லாத நாட்களில் அது நடக்கிற காரியமா?

இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடன் ஒப்பந்தத்தை எடுத்து வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும், மேல் எல்லை ஏதும் உண்டா என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். நீண்டகாலத்துக்குத் தேவையான பணத்தை மேலதிகப் பற்றிலேயே ஓட்டுபவர்கள்தான் 2022இல் முதலில் மூச்சுத் திணறினார்கள்.

கே: எங்கள் ஊழியர் சேமலாப நிதியில் அரசாங்கம் கைவைத்ததா இல்லையா? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். – தனியார் நிறுவன ஊழியர், கொழும்பு

ப: உங்கள் கணக்கு மீதியை வெட்டவில்லை. ஆனால் கைவைத்தார்கள்.

2023 ஜூன் இறுதியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. ஹஜ் பெருநாள், விசேட வங்கி விடுமுறை, வார இறுதி, போயா தினம் என்று ஐந்து நாட்கள் வங்கிகள் மூடியிருந்தது நினைவிருக்கும். பொதுமக்களின் வைப்புகள், வங்கிகளிடமும் மக்களிடமும் இருந்த உண்டியல்கள், வங்கிகளிடம் இருந்த ரூபாய் முறிகள் எல்லாம் வெளியே விடப்பட்டன. மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல்களும், ஊழியர் சேமலாப நிதி உட்பட ஓய்வூதிய நிதிகளிடம் இருந்த முறிகளும் உள்ளே வந்தன. நிதிகளுக்குச் சொல்லப்பட்டது இது: பழைய முறிகளைத் தந்துவிட்டு 2027 முதல் 2038 வரை முதிரும் புதிய முறிகளை வாங்கிக்கொள்ளுங்கள், வட்டி 2025 வரை 12%, அதன்பின் 9%. மாட்டோம் என்றால் திறைசேரி முறி வருமானத்துக்கான வரி 14% இலிருந்து 30% ஆகும். இதைத் தெரிவு என்று சொல்வது பெயரளவில்தான். நிதி மாற்றிக்கொண்டது.

வங்கிகளை விட்டதற்கு நிதிநிலை உறுதிப்பாட்டைக் காரணம் காட்டினார்கள். வங்கி ஆட்டம் கண்டால் வைப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள் என்பது உண்மை. ஆனால் அதன் மறுபொருள், வரிசையில் வந்து நிற்க முடியாதவரின் காசில் கைவைப்பது இலகு என்பது. ஆண்கள் 55, பெண்கள் 50 வயதுவரை பொதுவாக முழுமையாக எடுக்க முடியாத பணம் அது.

பணவீக்கம் எடுத்தது அதைவிடக் கூட. 2022 தொடக்கத்தில் 10 இலட்சம் இருந்தவருக்கு 9% வட்டியோடு 10 இலட்சத்து 90 ஆயிரம். அந்த ஆண்டு டிசெம்பரில் பணவீக்கம் 57.2%. ஆண்டுத் தொடக்க விலையில் அவரிடம் மிஞ்சியது ஏறத்தாழ 6 இலட்சத்து 93 ஆயிரம்.

கே: இலங்கை டொலர் முறிகள் உள்ள ஒரு நிதியத்தில் பணம் போட்டிருந்தேன். 2024இல் முறிகளை “மாற்றிக்கொடுத்தார்கள்” என்கிறார்கள். எனக்கு என்ன கிடைத்திருக்கும்? – வாசகர், டொரன்டோ

ப: நிதியம் வழியாகப் போனது இயல்புதான், அந்தப் பழைய முறிகளின் குறைந்தபட்ச அளவே 2 இலட்சம் டொலராக இருந்தது. சுமார் 1,255 கோடி டொலர் முறிகளுக்கான மாற்று 2024 டிசெம்பரில் முடிந்தது. ஏறத்தாழ 98% பேர் ஏற்றுக்கொண்டார்கள். அடிப்படைக் கணக்கில் முதலில் 27% வெட்டு. சேர்ந்திருந்த வட்டிக்கு, அதிலும் 11% குறைத்து, தனியாக ஒரு முறி. புதிய முறிகளில் பெரும்பகுதி பொருளாதார வளர்ச்சியோடு பிணைக்கப்பட்டவை: 2025 முதல் 2027 வரை டொலரில் மொத்த உள்நாட்டு உற்பத்தி எவ்வளவு என்பதைப் பொறுத்து அசலும் வட்டியும் கூடும் அல்லது குறையும். ஆகவே உங்கள் நிதியத்தின் அறிக்கையில் எந்த முறி எத்தனை வீதம் என்று பாருங்கள். “இலங்கை முறி” என்ற ஒற்றை வரி போதாது.

நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பதையும் சொல்லவில்லை. 2022இன் பிற்பகுதியில் இவை டொலருக்கு 30 சதத்துக்கும் கீழே கைமாறின. 100க்கு வாங்கியவருக்கு இது நட்டம், 30க்கு வாங்கியவருக்கு அதே வெட்டுக்குப் பிறகும் நல்ல இலாபம். நெருக்கடியில் வாங்கவென்றே காத்திருக்கும் நிதியங்கள் உண்டு.

இந்த மாற்றுக்குள் வராமல் வழக்குப் போட்டவர்களும் உண்டு. 2022 ஜூலையில் முதிர்ந்த 100 கோடி டொலர் முறியில் 25%க்கு மேல் வைத்திருந்ததாகச் சொன்ன ஹமில்டன் ரிசேர்வ் வங்கி நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தது. அந்தப் பழைய முறியின் நிபந்தனைப்படி, கடனைக் கட்டும் விதத்தை மாற்ற அந்த ஒரு தொடரிலேயே 75% சம்மதம் தேவை. கால் பங்குக்கு மேல் வைத்திருப்பவர் தனியே அதைத் தடுக்கலாம். முறி வாங்குமுன் இந்த வாக்களிப்பு நிபந்தனையைப் பார்ப்பவர் மிகக் குறைவு.

கே: நிலையான வைப்புக்கு அரச உத்தரவாதம் எவ்வளவு? – வாசகி, மட்டக்களப்பு

ப: வைப்புக் காப்புறுதித் திட்டத்தில், ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை. ஒரே வங்கியின் மூன்று கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே 11 இலட்சம்தான்.

கே: அடுத்த முறை முன்கூட்டியே தெரிந்துகொள்ள எதைப் பார்க்க வேண்டும்? – கணக்காய்வு மாணவர், பேராதனை

ப: தரமதிப்பீட்டு நிறுவனங்கள் தாமதமாக எழும்புவதாகக் குறை சொல்வது வழக்கம். இலங்கையில் அப்படி இல்லை. மூடிஸ் 2020 செப்ரெம்பரிலேயே பி2 இலிருந்து சிஏஏ1க்கு இரண்டு படிகள் இறக்கிவிட்டது. கடன் கட்டுவதை நாடு நிறுத்தியது அதற்குச் சுமார் 19 மாதங்களுக்குப் பிறகு. யாரும் கேட்கவில்லை என்பதுதான் விடயம்.

வாராந்த உண்டியல் ஏலத்தின் முடிவுதான் நான் முதலில் பார்ப்பது. மத்திய வங்கியின் இணையத்தளத்தில் வரும். கேட்ட தொகைக்கு ஏலம் வராமல் போவது ஒரு அறிகுறி. 2021இல் ஏலத்துக்கு உச்ச வட்டி நிர்ணயித்திருந்தார்கள். அந்த வட்டிக்குச் சந்தை வாங்கவில்லை. எஞ்சியதை மத்திய வங்கி வாங்கியது. வட்டி குறைவாகத் தெரிந்ததால் எல்லாம் சரி என்று தோன்றியது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அப்படி ஏலத்தில் நேரடியாக வாங்குவதைத் தடுத்துவிட்டதால், இனி அழுத்தம் வந்தால் வட்டியிலேயே சீக்கிரம் தெரியும்.

அடுத்தது வெளிநாட்டு ஒதுக்கு, அதாவது மத்திய வங்கி கையிருப்பில் வைத்திருக்கும் அந்நியச் செலாவணி. மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறவேண்டாம். 2021 முடிவில் 310 கோடி டொலர் என்று சொன்னார்கள். அதில் ஏறத்தாழ பாதி சீன மத்திய வங்கியோடு செய்த நாணயப் பரிமாற்ற வசதி, நினைத்தபடி செலவழிக்க முடியாதது. எஞ்சியதிலிருந்து 2022 ஜனவரி 18இல் 50 கோடி டொலர் முறி ஒன்றைக் கட்டினார்கள். மூன்று மாதத்தில் கை காலியானது.

மூன்று மாத உண்டியலின் வட்டி பத்து வருட முறியின் வட்டியைத் தாண்டி நிற்பதும் கவனிக்கவேண்டியது. கிட்டிய காலத்தில் ஏதோ நடக்கப்போகிறது என்று சந்தை பயப்படுகிறது என்று அர்த்தம்.

கே: உண்டியல் வாங்க முதனிலை வணிகரிடம் (அரச கடன் பத்திரங்களை விற்க மத்திய வங்கி அனுமதித்த நிறுவனம்) பணம் கட்டியிருக்கிறேன். ரசீது தந்தார்கள். போதுமா? – வாசகர், நுவரெலியா

ப: போதாது. மத்திய வங்கியின் லங்காசெக்யூர் என்ற மின்னணுப் பதிவு முறைமையில் உங்கள் பெயரில் உண்டியல் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கான கூற்றைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில் “மீள்கொள்வனவு” என்று இருந்தால் நீங்கள் உண்டியல் வாங்கவில்லை, உண்டியலைப் பிணையாக வைத்து வணிகருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள். அப்போது உங்களுக்குப் பணம் தரவேண்டியவர் முதலில் அந்த வணிகர்தான், அரசாங்கம் அல்ல. நேரடிக் கொள்வனவாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.