பனியில டென்ட் போட்டு தூங்க எந்த மேட் வாங்குறது?

கேள்வி: ஜனவரில ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு லோக்கல் கைடு ஒருத்தரை வச்சுகிட்டு உத்தராகண்ட்ல இருக்குற கேதார்கந்தா மலைக்கு போறோம், ரெண்டு நைட் பனியில டென்ட். மைனஸ் 10 டிகிரின்னு போட்ட ஸ்லீப்பிங் பேக் வாங்கியாச்சு. அடியில விரிக்க யோகா மேட்டே போதும்ங்கறான் ஒருத்தன், இன்னொருத்தன் காத்தடிக்கிற மெத்தை வாங்குங்கறான். நான் ஒருக்களிச்சு படுக்குற ஆளு, தரை கெட்டியா இருந்தா இடுப்பு வலிக்கும். பட்ஜெட் பத்தாயிரம். அப்புறம் மீசப்புலிமலை, கூர்க் பக்கம் போறப்பவும் அதையே யூஸ் பண்ணணும். எதை வாங்கலாம்?

பதில்: யோகா மேட் வேணாங்க. காத்தடிக்கிற மெத்தைன்னு கண்ணுல பட்டதை வாங்குறதும் வேணாம், அது சில சமயம் யோகா மேட்டை விட மோசமா குளிரும். உங்களுக்கு சரியா வர்றது, உள்ள இன்சுலேஷன் (வெப்பம் வெளிய போகாம தடுக்குற அடுக்கு) இருக்குற ஒரு ஏர் பேட், அதாவது காத்தடிக்கிற மெத்தை, அதுக்கு அடியில ஒரு சாதா ஃபோம் மேட். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த மைனஸ் 10. ஸ்லீப்பிங் பேக்கை லேப்ல டெஸ்ட் பண்றப்போ சூடேத்தின மனுஷ பொம்மையை அதுக்குள்ள விட்டு, இன்சுலேஷன் உள்ள ஒரு மேட் மேல படுக்க வச்சு தான் அளக்குறாங்க, வெறும் தரையில போட்டு இல்ல. அதனால மேட் சரியில்லைன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. பேக்ல நம்மள சூடா வச்சிருக்குறது பஞ்சு இல்ல, பஞ்சு பிடிச்சு வச்சிருக்குற காத்து. இலவம்பஞ்சு மெத்தை புதுசுல உப்பலா இருக்குறப்போ எப்படி இருக்கும், வருஷக்கணக்கா படுத்து அமுங்கி தட்டையானதுக்கு அப்புறம் எப்படி இருக்கும், அதே கதை தான், நீங்க படுத்த உடனே முதுகுக்கு அடியில இருக்குற பஞ்சு முழுக்க அமுங்கி காத்து வெளிய போயிடும், அந்த பக்கம் பேக் இருந்தும் இல்லாத மாதிரி தான். அடிப்பக்கம் உங்களுக்கும் பனிக்கும் நடுவுல இருக்குறது மேட் ஒண்ணு தான். இன்னொண்ணு, பேக்ல எழுதின மைனஸ் 10 கம்ஃபர்ட்டா, லிமிட்டா, எக்ஸ்ட்ரீமான்னு லேபிளை எடுத்து பாத்துருங்க. கம்ஃபர்ட்னா நிம்மதியா தூங்கலாம், லிமிட்னா சுருண்டு படுத்து ஒப்பேத்தலாம், எக்ஸ்ட்ரீம்னா உயிரோட இருக்கலாம் அவ்ளோ தான், தூக்கம் வராது.

இப்போ மேட். கடைல பாக்க வேண்டிய முதல் விஷயம் ஆர் வேல்யூ. வெப்பம் கடந்து போறதை அந்த மேட் எவ்வளவு தடுக்குதுங்கற நம்பர், கூட இருந்தா நல்லது. முன்னாடி எல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் அவங்க இஷ்டத்துக்கு அளந்து போட்டுட்டு இருந்தாங்க, ஒருத்தன் 4ங்கறதும் இன்னொருத்தன் 4ங்கறதும் ஒண்ணா இருக்காது. 2018ல ஏஎஸ்டிஎம் எஃப்3340னு ஒரு ஸ்டாண்டர்ட் வந்துச்சு, மேலே 35 டிகிரில ஒரு சூடான பிளேட், கீழே 5 டிகிரில ஒரு குளிர்ந்த பிளேட், நடுவுல மேட்டை வச்சு, மேல் பிளேட்டை அதே சூட்டுல வச்சிருக்க எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாக்குறது. 2020 வாக்குல பெரிய பிராண்டுங்க பலதும் இதுக்கு மாறிட்டாங்க. அதனால ஆன்லைன்ல "மைனஸ் 15 வரைக்கும் ஓகே"ன்னு கொட்டை எழுத்துல போட்டு ஆர் வேல்யூவை மட்டும் காணோம்னா, அதை அப்படியே தாண்டி போயிடுங்க.

தோராயமா சொல்லணும்னா 2க்கு கீழ இருந்தா கோடைக்கு, 2ல இருந்து 4 வரைக்கும் நம்ம மலைங்க குளிருக்கு தாராளம், 4க்கு மேல நல்ல குளிருக்கு, பனி மேலயே படுக்குறதுன்னா 5க்கு மேல இருக்கணும். கேதார்கந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர், கேம்ப் அதுக்கு கீழ தான்னாலும் ஜனவரி நைட்ல பூஜ்யத்துக்கு நல்லாவே கீழ இறங்கும். உங்களுக்கு 5க்கு மேல தான். குளிர் சீக்கிரம் ஏறுற உடம்புன்னா 6.

பெரும்பாலான பேரு ஏமாறுறது மேட்டோட உயரத்தை பாத்து தான். பத்து செ.மீ. உயரம், அப்போ குளிராதுன்னு நினைக்கிறாங்க. உள்ள வெறும் காத்து மட்டும் இருக்குற மெத்தையில அந்த காத்து சும்மா இருக்காது, நீங்க அசையுறப்போ எல்லாம் உள்ளயே புரளும், மேலே உங்க உடம்புகிட்ட சூடானதை கீழ பனிகிட்ட கொண்டுபோய் குடுத்துட்டு வரும். அந்த மாதிரி மெத்தைக்கு ஆர் வேல்யூ 1 பக்கம் தான் இருக்கும். அதை தடுக்கத்தான் நல்ல பேடுகள்ல உள்ள சிந்தெடிக் பஞ்சு வைக்கிறாங்க, இல்லன்னா டவுன்ங்கற வாத்தோட மெல்லிசு இறகு, இல்லன்னா பளபளன்னு வெப்பத்தை திருப்பி அனுப்புற ஃபிலிமை அடுக்கடுக்கா வைக்கிறாங்க. தெர்மரெஸ்ட் கம்பெனியோட எக்ஸ்லைட் என்எக்ஸ்டி, எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி ரெண்டையும் எடுத்துக்கோங்க, ரெண்டும் உயரம் 7.6 செ.மீ., ஆனா ஆர் வேல்யூ முதலாவதுக்கு 4.5, ரெண்டாவதுக்கு 7.3, எடை வித்தியாசம் நூறு கிராம் கூட இல்ல. எல்லாம் உள்ள இருக்குற அடுக்கால வர்றது. (ரெண்டுமே உங்க பத்தாயிரத்துல அடங்காது, உதாரணத்துக்கு தான் சொன்னேன், ஆசைப்பட வேணாம்.)

ஃபோம் மேட் பக்கம் வந்தா, நெமோ ஸ்விட்ச்பேக், தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் மாதிரி மடிக்கிற மேட் எல்லாம் ஆர் 2, எடை நானூத்து சொச்சம் கிராம். குத்தினாலும் கிழிச்சாலும் வேலை செய்யும், கேம்ப்ல மடிச்சு போட்டு உக்காரலாம். யோகா மேட் இதைவிட மெல்லிசு, நல்லா அடர்த்தி, ரப்பர்னா எடையும் கூட, உள்ள காத்து கம்மிங்கறதால தடுக்குறதும் கம்மி. தானா ஊதுற செல்ஃப் இன்ஃப்ளேட்டிங் மேட்டுன்னு ஒண்ணு இருக்கு, போயிங்ல வேலை பாத்த இன்ஜினியருங்க சியாட்டில்ல 1970கள்ல கொண்டு வந்தது, படுக்க நல்லா இருக்கும், ஆனா தடிமனானதை முதுகுல தூக்குறது வேலைக்கு ஆகாது. கூர்க் கார்லயே போவீங்கன்னா அங்க அது ராஜா.

இப்போ உங்க இடுப்பு. மல்லாந்து படுக்குறவங்களுக்கு எடை பரவிடும், ஒருக்களிச்சா மொத்த பாரமும் தோள்லயும் இடுப்புலயும் இறங்கும், ரெண்டு செ.மீ. ஃபோம் அதை தாங்காது, அதனால தான் ஃபோம் மட்டும் போதும்னு உங்களுக்கு சொல்லல. ஏழு செ.மீ.க்கு குறையாம ஏர் பேட் பாருங்க. அதை மேளம் மாதிரி டைட்டா ஊதாதீங்க, ஊதிட்டு ஒருக்களிச்சு படுத்து, இடுப்பு தரையில தட்டாத அளவுக்கு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா காத்தை விடுங்க, அது தான் உங்க அளவு. அகலம் சாதாரணமா 51 செ.மீ. வரும், முட்டியை மடக்கி படுக்குறவங்களுக்கு பத்தாது, முட்டி வெளிய நீட்டிட்டு பனிப்பக்கம் போயிடும், 63, 64 செ.மீ. அகலம் கிடைச்சா எடுங்க. ஆனா ரெண்டு பேரு டென்ட்ல ரெண்டு அகல பேட் போட்டா பல டென்ட்ல இடிக்கும், டென்ட் உள் அகலத்தை அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க. தலைப்பக்கம் அகலமா கால்பக்கம் குறுகலா இருக்குற மாடல் எடை மிச்சம் பண்ண மட்டும் தான், உங்களுக்கு செவ்வகம்.

காசு விஷயம். ஆர் வேல்யூவை கூட்டிக்கலாம், 2 மேல 3.5 போட்டா 5.5. அதனால காசை மொத்தமா ஏர் பேட்ல போடுங்க, 3.5ல இருந்து 4 வரைக்கும் உள்ளது, அகலமானது. ஃபோம் மேட், ட்ரெக் ஆரம்பிக்கிற சாங்க்ரி கிராமத்துலயே வாடகைக்கு கிடைக்கும், ஆனா அமுங்கி அப்பளம் ஆனதை குடுத்தா வாங்காதீங்க, இல்ல ரெண்டா வாங்கி அடுக்குங்க. ஃபோம் கீழ, ஏர் மேல. மாத்தி போட்டாலும் கூட்டுத்தொகை அதே தான், ஆனா கீழ இருந்தா ஓட்டை விழுறது குறையும். மைக்ரோஸ்பைக்கை (பனியில வழுக்காம இருக்க ஷூவுல மாட்டுற கூர் பல்லு) மட்டும் தயவுசெஞ்சு டென்ட்டுக்குள்ள கொண்டு வர வேணாம்னு கூட வர்றவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. சில்வர் ஃபாயில் போர்வையை மேட்டுக்கு அடியில விரிச்சா சூடு வரும்னு வாட்ஸ்அப்ல சுத்துது, எதிரொளிக்க நடுவுல காத்து இடைவெளி வேணும், மேட்டும் தரையும் ஒட்டிட்டு இருந்தா அது சும்மா ஒரு பேப்பர்.

வாயால ஊதாதீங்க, மூச்சு ஈரம் உள்ள போய் குளிர்ல உறையும், ஊத ஒரு பம்ப் சாக்கு (காத்தை உள்ள தள்ளுற பை) பல பேடுகளோட கூடவே வரும். சாயங்காலம் ஊதினது நைட் குளிர்ல சுருங்கி தொய்வா ஆயிடும், அது ஓட்டை இல்ல, படுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஊதிக்கோங்க. மீசப்புலிமலை வெயில்ல ஃபுல்லா ஊதின பேடை டென்ட்டுக்குள்ள விட்டுட்டு மட்டும் போகாதீங்க, காத்து விரிஞ்சு உள் தடுப்பு ஒட்டு விட்டுச்சுன்னா நடுவுல பலூன் மாதிரி புடைக்கும், ஒட்டவே முடியாது. அங்கெல்லாம் ஏர் பேட் மட்டும் போதும், முள்ளு, கூர் கல்லு இருக்குற இடம்னா கீழ ஒரு பழைய ஃபோமை போட்டுக்கோங்க.

வந்த உடனே வீட்ல ஊதி ஹால்ல ஒரு நைட் முழுக்க படுத்து பாருங்க, காலைல காத்து எவ்வளவு நிக்குதுன்னு தெரிஞ்சிரும், சில பேட் புரண்டா சிப்ஸ் பாக்கெட் மாதிரி சத்தம் போடும், அது உங்களுக்கும் பக்கத்துல படுக்குற ஃப்ரெண்டுக்கும் ஒத்து வருதான்னும் தெரிஞ்சிரும். ரிட்டர்ன் டைம் முடியுறதுக்குள்ள இதை பண்ணிடுங்க. பேட்ச் கிட் பெட்டியோடயே வரலாம், வரலன்னா தனியா வாங்கி பேடோட பையிலயே போட்டு வச்சிருங்க.